நிற்கிற கால், நடக்கிற கால்

டீ மாஸ்டர்களின் காலைக் கவனித்திருக்கிறீர்களா? விடியுமுன் பாய்லர் முன்னால் வந்து நிற்பவர், கடை சாத்தும்வரை அந்த இரண்டடி இடத்தைவிட்டு நகர்வதில்லை. எங்கள் தெருமுனைக் கடை மாஸ்டர் கைலியை மடித்துக் கட்டினால் தெரியும்: இடது முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால்வரை பச்சையும் நீலமுமாகப் புடைத்து, வளைந்து வளைந்து இறங்குகிற ரத்தக்குழாய்கள். “வலியெல்லாம் இல்ல சார். சாயந்தரம் ஆனா கால் கனக்கும், அவ்வளவுதான்” என்பார். ஒருநாள் பாலை ஆற்றிக்கொண்டே அவர் கேட்டார்: “நாள் பூரா வேலை செய்யறது கை. சுருட்டிக்கிறது மட்டும் ஏன் சார் காலு?”

இதைவிடச் சரியான இடத்தில் யாரும் தொடங்க முடியாது. வெரிகோஸ் என்று நாம் சொல்லும் தொல்லையின் முக்கால்வாசி விளக்கம் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

இதயம் ரத்தத்தைத் தமனிகள் வழியாகக் காலுக்கு அனுப்புகிறது. கீழே போவதில் சிரமமில்லை, திரும்பி ஏறுவதுதான் பாடு. பாதத்திலிருந்து இதயம்வரை ஏறத்தாழ நான்கடி உயரம். இதயம் கொடுத்த அழுத்தம் மயிரிழைக் குழாய்களைக் கடந்து வருவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். அப்புறம் யார் ஏற்றுவது? கெண்டைக்கால் சதை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அந்தச் சதை இறுகி, தனக்குள் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது. உள்ளங்காலும் தரையில் அழுந்தும்போது தன் பங்குக்குக் கொஞ்சம் தள்ளிவிடும். மருத்துவர்கள் கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு அல்ல.

சரி, சதை தளரும்போது ஏறிய ரத்தம் மறுபடி இறங்கிவிடாதா? கிணற்றில் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குழாயின் அடியில் ஒரு ஃபுட் வால்வு இருக்கும். மோட்டாரை நிறுத்தினாலும் குழாயில் ஏறிய தண்ணீரைக் கிணற்றுக்குள் திரும்ப விடாமல் அது பிடித்துக்கொள்ளும். வால்வில் சருகு சிக்கினாலோ, உள்ளே இருக்கும் தோல் தேய்ந்தாலோ, இரவோடு இரவாகத் தண்ணீர் இறங்கிவிடும். காலையில் குடம் குடமாக ஊற்றினால்தான் மோட்டார் தண்ணீர் எடுக்கும். நம் கால் சிரைகளில் அப்படி ஒன்றல்ல, வரிசையாகப் பல வால்வுகள். ஒவ்வொன்றும் இரண்டு மெல்லிய இதழ்கள். ரத்தம் மேலே போகும்போது விலகி வழிவிடும். கீழே இறங்கப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொள்ளும்.

அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரைக்குள் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இருக்கும். அவரே நடக்கத் தொடங்கினால், வால்வுகள் நன்றாக இருக்கும் பட்சத்தில், சில அடிகளுக்குள் அது 30க்கும் கீழே இறங்கிவிடும். அதே கால்தான், அதே உயரம்தான். சதை அசைகிறதா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம். நாள் முழுக்க நடந்து வியாபாரம் செய்யும் கீரைக்காரம்மாவுக்கும், நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் மாஸ்டருக்கும் கால் ஓய்ந்துபோவது ஒன்றுபோலத் தெரியலாம். சிரைகளைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு வேலை. மாஸ்டரின் கை இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஓயாமல் அசைந்துகொண்டும் இருக்கிறது. அதனால் அதற்கு இந்தப் பாடு இல்லை.

வால்வுகளைப் பற்றி விரிவாக எழுதியவர் இத்தாலியின் பதுவா நகரத்தில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரீசியஸ். 1603இல் படங்களோடு புத்தகமே வெளியிட்டார். ஆனால் அவை எதற்கு இருக்கின்றன என்பதில் அவர் கணக்கு தப்பிவிட்டது. ரத்தம் கைகால்களை நோக்கி ஒரேயடியாகப் பாய்ந்துவிடாமல் வேகத்தைத் தணிக்கத்தான் அவை என்று நினைத்தார். அவரிடம் படித்த ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி 1628இல் எழுதிய நூலில், வால்வு ரத்தத்தை ஒரே திசையில், இதயத்தை நோக்கி மட்டுமே விடுகிறது என்று காட்டினார். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்ற முடிவுக்கு அவருக்குக் கிடைத்த வலுவான சாட்சிகளில் இதுவும் ஒன்று.

ஹார்வி செய்த சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். வீட்டில் மெலிந்த கையுள்ள பெரியவர் ஒருவர் இருந்தால் போதும். மேல்கையில் துண்டை லேசாகக் கட்டினால் முன்கையில் சிரைகள் எழும்பும். நடுநடுவே சிறு முடிச்சுகள் தெரியும். அவைதான் வால்வுகள். சிரையை ஓரிடத்தில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கம் ஒரு முடிச்சைத் தாண்டித் தடவிவிட்டு அந்த விரலை எடுத்துவிடுங்கள். நடுவில் இருக்கும் துண்டு வெறுமையாகவே கிடக்கும். மேலே இருக்கும் ரத்தம் முடிச்சைத் தாண்டி இறங்காது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து ரத்தம் வந்து நிரப்பும். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னார்கள்; இதை ஒருவரும் செய்து காட்டியதில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

காலில் சிரைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன. சதைக்குள் ஆழமாக ஓடுபவை ஓர் அடுக்கு. திரும்பும் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு இவற்றின் வழியாகத்தான் போகிறது. தோலுக்கு அடியில் ஓடுபவை இன்னோர் அடுக்கு. இதில் பெரியது, உள்கணுக்காலுக்கு முன்புறம் கிளம்பி, காலின் உட்பக்கமாகவே ஏறி, தொடை இடுக்கில் ஆழச் சிரையோடு சேர்கிறது. இதய பைபாஸ் அறுவையில் காலிலிருந்து எடுத்து ஒட்டுவது இதையேதான். தொடை இடுக்கில் அது சேரும் இடத்து வால்வு பழுதானால், மேலே இருக்கும் ரத்தத்தின் பாரம் கீழே அடுத்த வால்வின்மேல் விழும். சிரை விரியும், விரிந்தால் இதழ்கள் ஒன்றையொன்று தொடாது, அந்த வால்வும் போகும். இப்படியே படிப்படியாக இறங்கி, கடைசியில் தோலை ஒட்டிய மெல்லிய கிளைகள் பாரம் தாங்காமல் விரிந்து, நீண்டு, இடம் போதாமல் வளைகின்றன. கண்ணுக்குத் தெரிவது அந்தக் கிளைகள் மட்டும். கோளாறு பெரும்பாலும் ஒரு முழமோ இரண்டு முழமோ மேலே, வெளியே தெரியாத இடத்தில் இருக்கும். வளைந்த இடத்தில் மட்டும் தைலம் தேய்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு வரும்? அப்பா அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம்; இருவருக்கும் இருந்தால் இன்னும் அதிகம். வயதும் உடல் எடையும் கூடக்கூட வாய்ப்பும் கூடும். முன்பு எப்போதாவது ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருந்தால் அங்குள்ள வால்வுகள் சிதைந்திருக்கலாம். கர்ப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் உடம்பில் ரத்தத்தின் அளவே கூடுகிறது, ஹார்மோன் சிரையின் சுவரைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை இடுப்புக்குள் இருக்கும் சிரைகளை அழுத்துகிறது. மூன்றும் சேர்ந்துகொள்வதால் அதுவரை தெரியாமல் இருந்தது வெளியே வருகிறது. பிரசவமான சில மாதங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பதால் அதற்குள் அவசரப்பட்டு எதுவும் செய்துகொள்ள வேண்டாம். அடுத்தடுத்த பிரசவங்களில் மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் வரும் என்று வீட்டில் பெண்பிள்ளைகளை மட்டும் அதட்டுவார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அதட்டலுக்கு வேறு காரணம் இருக்கலாம், மருத்துவம் அதில் இல்லை.

பரம்பரையையும் வயதையும் நம்மால் மாற்ற முடியாது. வேலையை மாற்றுவதும் பலருக்கு நடக்காத காரியம். ஆனால் வேலை செய்யும் விதத்தை மாற்றலாம். இதற்காகக் கேரளத்தில் ஒரு போராட்டமே நடந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறையும் கிடையாது, உட்கார அனுமதியும் கிடையாது. பி. விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைத் திரட்டினார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைத் தந்தது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு ஏற்ற இருக்கைகளை எல்லா ஊழியர்களுக்கும் கடைக்காரர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

ஜவுளிக்கடையில் நாற்காலி இருக்கிறதா என்று இப்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பதுண்டு. சில கடைகளில் முக்காலி இருக்கிறது. அதன்மேல் சேலை அட்டைப்பெட்டி இருக்கிறது. வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைப்பது முதலாளி மட்டுமல்ல, நாமும்தான். அதே சமயம், நாற்காலி மட்டும் போதும் என்று நினைத்துவிடவும் கூடாது. எட்டு மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் கெண்டைச் சதை சும்மாதான் இருக்கிறது. உட்கார்வதும் எழுவதும் நாலடி நடப்பதும் மாறி மாறி வர வேண்டும்.

நிற்கத்தான் வேண்டும் என்றால் ஒன்று செய்யலாம். குதிகால் இரண்டையும் தூக்கி, விரல்நுனியில் நின்று, மெல்ல இறக்குவது. பத்துப் பதினைந்து தடவை செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. டீ ஆற்றிக்கொண்டே செய்யலாம், கரும்பலகை முன் நின்றுகொண்டே செய்யலாம், சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும் செய்யலாம். அரைமணிக்கொரு தடவை செய்தால் கெண்டைச் சதை தன் வேலையை மறக்காது. பேருந்தில் நெடுந்தூரம் போகிறவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கலாம். இதனால் பழுதான வால்வு சரியாகிவிடாது. ஆனால் கனமும் வீக்கமும் குறையும், பாரம் ஏறுவதும் மட்டுப்படும்.

வேலை முடிந்து வந்ததும் காலை உயரத்தில் வைப்பது நல்லது. இதில் பலரும் செய்வது அரைகுறை. நாற்காலியில் உட்கார்ந்து எதிரே ஸ்டூலில் கால் நீட்டினால், கால் இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது. படுத்துக்கொண்டு, கால் இதயத்தைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகளை அடுக்கிப் பதினைந்து இருபது நிமிடம் இருக்க வேண்டும். இரவில் கட்டிலின் கால்மாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துகிறவர்கள் உண்டு, நல்ல வழக்கம்தான். இதய பலவீனம் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது, மூச்சுத் திணறலாம்.

வெரிகோஸ் சாக்ஸ் என்று கடைகளில் விற்கும் இறுக்கமான உறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் அழுத்தும்படி நெய்யப்பட்டது. ஒட்டகச்சிவிங்கிக்கு இயற்கையே இதைக் கொடுத்திருக்கிறது. அவ்வளவு உயரமான விலங்கின் கால் வீங்காமல் இருப்பதற்கு, அதன் கீழ்க்காலை இறுக்கிப் பிடித்திருக்கும் தோல் முக்கியக் காரணம் என்று 1987இல் ஆராய்ச்சியாளர்கள் அளந்து எழுதினார்கள். சாக்ஸைக் காலையில் வீக்கம் ஏறுவதற்கு முன், முடிந்தால் படுக்கையிலிருந்து இறங்கும்போதே மாட்ட வேண்டும், படுக்கும்போது கழற்றிவிடலாம். நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது கொடுமை என்பதை மருத்துவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. முதல் வாரத்தோடு அலமாரிக்குப் போய்விட்ட சாக்ஸ்கள் எத்தனையோ. முழுநேரம் முடியாவிட்டால் நிற்கும் நேரத்துக்கு மட்டுமாவது, முழங்காலுக்குக் கீழ் நிற்கும் உறையைப் போடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள், நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து நின்றால் சரியாகிறவர்கள் ஆகியோருக்குக் காலுக்கு வரும் தமனியே அடைத்திருக்கக்கூடும். அந்தக் காலை இறுக்கினால் இருக்கும் கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று மருத்துவர் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

எல்லாப் புடைப்புக்கும் பயப்பட வேண்டியதில்லை. தோலில் சிவப்பும் நீலமுமாக நூல்நூலாகத் தெரிபவை அழகுப் பிரச்சினை, அவ்வளவே. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடித்துப் புடைத்தால் அதை வெரிகோஸ் என்பார்கள். அதிலும் பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆகாது. காலையில் தளர்வாக இருந்த கொலுசு மாலையில் தோலில் பதிகிறதா, சாக்ஸ் கழற்றிய இடத்தில் பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள். வீக்கத்தின் முதல் சேதி அது. அதற்கடுத்த கட்டத்தைத்தான் நம் மக்கள் கோட்டை விடுகிறார்கள். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் பழுப்பாகிக் கறுக்கும். அழுத்தம் தாளாமல் சிவப்பணுக்கள் வெளியே கசிந்து, அவற்றின் இரும்புச்சத்து தோலில் படிவதால் வரும் நிறம் அது. அரிக்கும், சொறிவார்கள். தேமல், படை என்று களிம்பு வாங்கிப் பூசுவார்கள். தோல் தடித்து இறுகும். பிறகு ஒருநாள் கொசுக்கடியோ கட்டில் கால் இடித்ததோ காரணமாகப் புண் வரும், மாதக்கணக்கில் ஆறாது. புண் என்றாலே சர்க்கரை என்று முடிவுகட்டுகிறோம். சர்க்கரைப் புண் பெரும்பாலும் உள்ளங்காலிலோ விரலிலோ வரும். உள்கணுக்காலுக்கு மேலே, கறுத்த தோலின் நடுவே வருவது பெரும்பாலும் சிரைப் புண். கறுப்பு தெரிந்ததுமே ரத்தநாள அறுவை மருத்துவரிடம் போய்விட்டால் புண்வரை போகாது.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச் சதை வலித்துச் சூடாக இருந்தால் ஆழச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அந்தக் காலை எண்ணெய் தேய்த்து உருவிவிடவே கூடாது. கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இன்னொன்று, புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீய்ச்சுவது. குளியலறையில் நடந்தால் பார்க்கவே பயங்கரமாக இருக்கும். பயந்துபோய் நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருப்பதுதான் தவறு. படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்திலேயே பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். மேலே கயிறு கட்டினால் சிரை இன்னும் நிரம்பும், ரத்தம் கூடத்தான் செய்யும். நின்ற பிறகு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிகிச்சைக்கு வருவோம். ரோமானியத் தளபதி மாரியஸ் இந்தத் தொல்லைக்கு அறுவை செய்துகொண்ட கதையை புளூட்டார்க் எழுதியிருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம். கட்டிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு காலைக் காட்டி, முகம் சுளிக்காமல் இருந்தாராம். அடுத்த காலைக் கேட்டபோது, குணமாவது இந்த வலிக்குப் பெறுமானமில்லை என்று மறுத்துவிட்டாராம். அண்மைக்காலம்வரை நம் ஆட்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொடை இடுக்கில் கிழித்து, சிரையைக் கம்பியில் கோத்து உருவி எடுக்கும் அறுவையே நூறாண்டுக் காலம் வழக்கத்தில் இருந்தது. இப்போது பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. ஊசித் துளை வழியாக மெல்லிய இழையைச் செலுத்தி, லேசர் வெப்பத்தாலோ ரேடியோ அலை வெப்பத்தாலோ சிரையை உள்ளிருந்தே மூடிவிடுகிறார்கள். இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம், நடக்கச் சொல்லியே அனுப்புகிறார்கள். சிறு கிளைகளுக்கு நுரை மருந்தை ஊசியில் ஏற்றுவதும், பசை வைத்து ஒட்டுவதும் உண்டு. மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கலாம். புடைத்ததை மறைய வைக்கும் மாத்திரை எதுவும் இல்லை.

“ரத்தக்குழாயை மூடிட்டா ரத்தம் எப்படி சார் போகும்?” இதையும் மாஸ்டர்தான் கேட்டார். ஆழச் சிரைகள் நன்றாக இருந்தால் கவலையில்லை. பத்தில் ஒன்பது பங்கைச் சுமப்பவை அவைதாம். மூடப்படும் சிரை ரத்தத்தை மேலே கொண்டுபோவதற்குப் பதில் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. அதை மூடினால் மற்றவற்றின் பாரம் குறைகிறது. புண் வந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் செய்தால் என்ன பலன் என்று பிரிட்டனில் 450 பேரை வைத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் இறுக்கக் கட்டு போட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குச் சிரையையும் உடனே மூடினார்கள். உடனே மூடியவர்களுக்குப் புண் ஆற ஆன இடைநிலைக் காலம் 56 நாள். தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். புண் ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த பழைய வழக்கம் அதோடு ஆட்டம் கண்டது.

மூடியாகிவிட்டது, இனி வராது என்று எண்ணிவிட வேண்டாம். பரம்பரையும் வேலையும் அப்படியே இருக்கும்போது சில ஆண்டுகளில் வேறொரு கிளை புடைக்கலாம்; நடையும் குதிகால் பயிற்சியும் சிகிச்சைக்குப் பிறகும் தொடர வேண்டியவை. எதைச் செய்வதற்கு முன்பும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். எந்த வால்வு ஒழுகுகிறது, ஆழச் சிரை நன்றாக இருக்கிறதா என்பதை அதுதான் காட்டும். படுத்திருக்கும்போது ரத்தம் இறங்க வேண்டிய தேவையே இல்லாததால், ஒழுகும் வால்வும் நல்லதுபோலத் தெரிந்துவிடும். தொடைச் சிரையைப் படுக்க வைத்து மட்டுமே பார்த்து முடித்துவிட்டால், நிற்க வைத்தும் ஒருமுறை பார்க்கும்படி தயங்காமல் கேளுங்கள்.